வரிப்பள்ளத்தில் தொடங்கியிருக்க வேண்டிய இயந்திரம்

குழாய்களையும் கலன்களையும் இணைக்கும் ஃபிளேஞ்ச் என்ற விளிம்பு வளையத்தின் முகத்தைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு, அது கண்ணாடிபோல் வழவழப்பாக இருக்காது என்பது தெரியும். கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் அமரும் வளையப் பரப்பில் நகத்தை உள்ளிருந்து வெளியே இழுத்தால் மெல்லிய வரிப்பள்ளங்கள் தட்டுப்படும். போல்ட்டுகளை இறுக்கும்போது கேஸ்கெட்டின் மென்மையான பொருள் இந்தப் பள்ளங்களுக்குள் இறங்கிப் பற்றிக்கொள்கிறது. குழாய் ஃபிளேஞ்சுகளுக்கான, அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் (ஏஎஸ்எம்இ) பி16.5 தரநிலை இதற்கு மூன்று அளவுகளைச் சொல்கிறது: மில்லிமீட்டருக்கு 1.8 முதல் 2.2 வரிகள், வெட்டுமுனையின் ஆரம் சுமார் 1.5 மி.மீ. அல்லது அதற்கு மேல். சராசரிச் சொரசொரப்பு 3.2 முதல் 6.3 மைக்ரோமீட்டர். ஃபிளேஞ்ச் முகத்தை இருந்த இடத்திலேயே கடைய நாங்கள் கட்டிய இயந்திரத்தின் உடலமைப்பு முழுவதையும் இந்த மூன்று அளவுகளே தீர்மானிக்க வேண்டியவை என்பதை, இயந்திரம் பாதி முடிந்த பிறகே நான் புரிந்துகொண்டேன்.

சிங்கப்பூரின் துவாஸில் இருக்கும் எங்கள் பட்டறையில் ஒன்பது பேர் வேலை செய்கிறோம். இரண்டு லேத், ஒரு மில்லிங் இயந்திரம், ஒரு ரேடியல் டிரில், வெல்டிங்குக்கு ஒரு மூலை, அவ்வளவுதான். வரைபடமும் மேற்பார்வையும் என் பொறுப்பு. கடைசல் வேலைக்குத் தலைமை வகிப்பவர் மன்னார்குடிப் பக்கத்திலிருந்து இருபது ஆண்டுகளுக்கு முன்பு இங்கு வந்தவர். பட்டறையில் எல்லாருக்கும் அவர் பெரியண்ணன்.

வேலை ஜூரோங் தீவில் உள்ள ஓர் ஆலையிலிருந்து வந்தது. ஏழு தீவுகளைக் கடலை நிரப்பி ஒன்றாக்கி, 2000ஆம் ஆண்டு அக்டோபரில் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்ட அத்தீவில், ஓர் ஆலையின் விளைபொருள் குழாய் வழியாக அடுத்த ஆலைக்கு மூலப்பொருளாகப் போகிறது. ஆகவே ஆலையை நிறுத்திப் பழுதுபார்க்கும் ஷட்டவுன் நாள்கள் எண்ணி வைக்கப்பட்டவை. ஒரு வெப்பப் பரிமாற்றியின் மூடியைக் கழற்றியபோது அதன் ஃபிளேஞ்ச் முகம் அரிப்பால் குழிவிழுந்திருந்தது. அடுத்த ஷட்டவுனில் அதை இருந்த இடத்திலேயே கடைந்து சரிசெய்ய வேண்டும். வாடகைக்குக் கிடைத்த இயந்திரங்கள் குழாயின் உட்புறத்தில் கால்களை விரித்து நிற்பவை. இந்தப் பரிமாற்றியின் உள்ளேயோ, நீரோட்டத்தைப் பிரிக்கும் தடுப்புத் தகடு குறுக்கே நின்றது. ஃபிளேஞ்சின் வெளிவிளிம்பைப் பிடித்து நிற்கும் இயந்திரம்தான் வேண்டும் என்றானபோது, முதலாளி அதை நாமே கட்டுவோம் என்றார். அவருடைய அந்த நம்பிக்கையை நான் இன்றும் நன்றியோடு நினைக்கிறேன்.

அமைப்பு எளிது. எட்டுத் திருகுகளால் ஃபிளேஞ்சைச் சுற்றிப் பிடிக்கும் நிலை வளையம். அதன்மேல் ரோலர்களில் ஓடும் சுழல் வளையம். சுழல் வளையத்தின்மேல் வெட்டுளியைத் தாங்கி நகரும் ஸ்லைடு. சுழற்றுவதற்குக் காற்று மோட்டார். எரிவாயு கசியக்கூடிய இடத்தில் மின்பொறிக்கு வாய்ப்புத் தரக்கூடாது என்பதால் காற்று மோட்டார். வெல்டிங் முடிந்த நிலை வளையத்தைச் சூளைக்கு அனுப்பி, சுமார் 600 டிகிரி செல்சியஸில் வைத்து மெல்ல ஆறவிட்டு உள்தகைவுகளை நீக்கினோம். வளையங்களின் கடைசலைப் பெரிய வெர்ட்டிக்கல் லேத் வைத்திருக்கும் பக்கத்துப் பட்டறை செய்து தந்தது.

நான் வடிவமைப்பை மோட்டாரின் திறனிலிருந்து தொடங்கியிருந்தேன். எவ்வளவு உலோகத்தை எடுக்க வேண்டும், அதற்கு எவ்வளவு முறுக்குவிசை வேண்டும் என்பதே என் கணக்காக இருந்தது. இரும்புக்கடையில் எடைக்கு வாங்கிய ஒரு பழைய ஃபிளேஞ்சில் முதல் சோதனை வெட்டை எடுத்தபோது மோட்டார் சிரமமே இல்லாமல் சுழன்றது. ஆனால் மேடுபள்ளத்தை முள்ளால் காட்டும் டயல் கேஜை வைத்து முகத்தைச் சுற்றி வந்தால் முள் ஒரே சீராக ஏறி இறங்கியது. மேட்டுக்கும் பள்ளத்துக்கும் இடையே 0.06 மி.மீ. பெரியண்ணன் அலைகளை எண்ணிவிட்டு, “தம்பி, பன்னிரண்டு ரோலர் போட்டோமே, அந்தப் பன்னிரண்டையும் இது எழுதிக் காட்டுது பாருங்க” என்றார்.

அவர் சொன்னது முழு உண்மை. 1.5 மி.மீ. ஆரமுள்ள முனையால் 0.2 மி.மீ. ஆழம் மட்டும் வெட்டும்போது, ஆழம் ஆரத்தைவிட மிகச் சிறியது. அப்போது வெட்டுளியை முகத்திலிருந்து பின்னால் தள்ளும் விசை பெரிதாகிறது. அந்தத் தள்ளல் நேராக ரோலர்களுக்குத்தான் வருகிறது. வெட்டுளி ரோலருக்கு நேரே இருக்கும்போது வளையம் விறைப்பாக நிற்கிறது. இரண்டு ரோலர்களுக்கு நடுவே வரும்போது சற்று வளைந்து கொடுக்கிறது. முகத்தில் எழுதப்பட்டிருந்தது அந்த வளைவுதான். பொருத்தமான வரிப்பள்ளத்தைத் தருவது அந்தப் பெரிய ஆரம் என்றால், அந்த ஆரம் தரும் தள்ளலைத் தாங்குவதே இயந்திரத்தின் முதல் கடமை. நான் அதைக் கடைசியாகத்தான் யோசித்தேன்.

ரோலர்களை 24 ஆக்கினோம். தாங்கும் இடைவெளி பாதியானால் வளைவு எட்டில் ஒரு பங்காகும். சுழல் வளையத்தின் தடிமனை 25 மி.மீட்டரிலிருந்து 40 மி.மீட்டருக்கு உயர்த்தினோம், விறைப்பு தடிமனின் மும்மடிக்கேற்ப ஏறுவதால் அதிலேயே நான்கு மடங்கு கிடைத்தது. ஒவ்வொரு ரோலரையும் மையம் விலகிய அச்சாணியில் பொருத்தி, பெரியண்ணன் கையால் சுழற்றிப் பார்த்துப் பார்த்து, ஆட்டம் போகும் வரை, ஆனால் இறுகாமல், சரிசெய்தார். அந்த வேலை இரண்டு நாள் எடுத்தது. அவர் விரல்கள் உணர்ந்ததை அளக்க என்னிடம் கருவி எதுவும் இருக்கவில்லை. அதன்பின் டயல் முள் 0.01 மி.மீட்டருக்கு மேல் அசையவில்லை.

இயந்திரம் முடிந்தது என்றே நினைத்தோம். சோதனை ஃபிளேஞ்சைப் பார்க்க வந்த வாடிக்கையாளர் தரப்பு ஆய்வாளர், டார்ச் விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, முகத்தில் ஒரே இடத்தில் உள்ளிருந்து வெளியே போகும் நேர்கோட்டைச் சுட்டிக்காட்டினார். வெட்டுளியைச் சுற்றுக்குச் சுற்று நகர்த்தும் எங்கள் ஃபீடு நட்சத்திரச் சக்கரத்தால் இயங்கியது. ஆறு முனைகள் கொண்ட அந்தச் சக்கரம், ஒவ்வொரு சுற்றிலும் நிலையாக நிற்கும் ஒரு முளையில் தட்டி ஒரு முனை அளவு திரும்பும், ஒரு சுற்றுக்கு 3 மி.மீ. நகர்த்தும் திருகு அதனால் வெட்டுளியை அரை மி.மீ. நகர்த்தும். கணக்கு சரிதான். ஆனால் வெட்டுளி ஒரு சுற்று முழுவதும் அசையாமல் இருந்து, முளையைத் தொடும் இடத்தில் மட்டும் தாவுகிறது. எல்லாத் தாவல்களும் ஒரே நேர்கோட்டில் விழுகின்றன.

ஆய்வாளர் அதை ஏன் ஏற்கவில்லை என்பதைக் காகிதத்தில் கணக்கிட்டபோது எனக்கு வியர்த்தது. கேஸ்கெட் அமரும் பரப்பின் அகலம் 40 மி.மீ., சராசரி விட்டம் 880 மி.மீ. தொடர்ச்சியான சுருள் வரியாக இருந்தால், உள்ளிருக்கும் திரவம் பள்ளத்தின் வழியே வெளியேற 80 சுற்றுகள், அதாவது ஏறத்தாழ 220 மீட்டர் போக வேண்டும். எங்கள் நேர்கோட்டில் அதற்கு 40 மி.மீட்டரே போதும்.

தாவாத ஃபீடு வேண்டும் என்றால் நிலை வளையத்தைச் சுற்றிப் பற்கள் வேண்டும். 1200 மி.மீட்டருக்கு மேற்பட்ட விட்டத்தில் கியர் வெட்ட எங்களுக்கு வசதியும் இல்லை, காலமும் இல்லை. அப்போது பெரியண்ணன் கேட்டார், வளையத்தைச் சுற்றி ஒரு ரோலர் சங்கிலியைக் கட்டிவிட்டால் அதுவே பல்லாக இருக்காதா என்று. அரை அங்குலச் சங்கிலியில் 300 கண்ணிகள் என்றால் 3810 மி.மீ. சுற்றளவு, அதற்கு ஏற்ற விட்டத்துக்கு வளையத்தைக் கடைந்து, சங்கிலியை இறுக்கிப் பொருத்தினோம். சுழல் வளையத்தில் இருந்த 20 பற்கள் கொண்ட ஸ்ப்ராக்கெட் அதன்மேல் உருண்டு, ஒரு சுற்றுக்குப் பதினைந்து முறை திரும்பியது. 90க்கு 1 என்ற வார்ம் கியர் அதை ஆறில் ஒரு சுற்றாகக் குறைத்தது. திருகு அதே அரை மி.மீட்டரைத் தந்தது, இம்முறை சுற்று முழுவதும் பரவி. இருபது ஆண்டு அனுபவமுள்ள ஒருவரிடம் இதை நான் முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். வரைபடத்தை முடித்துவிட்டு அவரிடம் கொடுப்பது என்ற வழக்கத்தை அன்றோடு விட்டேன்.

தீவில் வேலை நடந்த நாளில் காலையிலேயே வாயுச் சோதனை முடிந்து பணி அனுமதிச் சீட்டும் கையெழுத்தாகிவிட்டது. இயந்திரத்தை ஏற்றி, எட்டுத் திருகுகளையும் மாற்றி மாற்றித் திருப்பி முகத்துக்கு இணையாக நிறுத்த நண்பகல் ஆனது. குழி மறையும் வரை எடுத்த முதல் வெட்டுகள் சீராகப் போயின. தடுப்புத் தகட்டின் விளிம்பைத் தனியாக ஒரு சிறு மில்லிங் தலையால் தாழ்த்தினோம்.

கடைசி வெட்டுக்கு முன் வானம் இருட்டியது. மின்னல் எச்சரிக்கை ஒலித்தால் திறந்தவெளி வேலைகள் அனைத்தும் நிற்கும். பாதியில் நிறுத்திய சுருள் வரியை அதே இடத்திலிருந்து தடமின்றித் தொடர முடியாது. நிமிடத்துக்கு 12 சுற்றில் 80 சுற்று, ஏழு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. அதற்குள் மழை வராது என்று சொல்ல யாருக்கும் துணிவில்லை. வெட்டுளியில் புது இன்சர்ட்டை, அதாவது மாற்றக்கூடிய வெட்டுமுனையை, பொருத்தி, காற்றுக் குழாயை மூடிவிட்டு, கொட்டகைக்குள் போய் உட்கார்ந்தோம். எச்சரிக்கை ஒலித்தது, மழை கொட்டியது, ஒன்றரை மணி நேரம் கழித்து எச்சரிக்கை விலக்கப்பட்டது. தார்ப்பாயை நீக்கி, முகத்தைத் துடைத்து, பெரியண்ணன் வால்வைத் திறந்தார். நான் கைக்கடிகாரத்தைப் பார்க்காமல் சுற்றுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். எண்பதாவது சுற்றில் வெட்டுளி உள்விளிம்பைத் தாண்டி வெளியே வந்தது.

ஆய்வாளர் டார்ச்சைச் சாய்த்து, முழு வட்டத்தையும் மெதுவாகச் சுற்றிவந்தார். சொரசொரப்பை ஒப்பிட உதவும் மாதிரித் தகட்டை முகத்தின் பக்கத்தில் வைத்து, முதலில் தகட்டிலும் பிறகு எங்கள் வரிகளிலும் நகத்தை ஓட்டிப் பார்த்தார். பிறகு பேனாவைக் கேட்டார். கேஸ்கெட்டை வைத்திருந்த குழுவினர் எங்கள் இயந்திரம் இறங்குவதற்காக ஏணிக்குக் கீழே காத்திருந்தார்கள்.