‘ஐ ஹங்ரி’யா, ‘ஐ எம் ஹங்ரி’யா?

மலேசியாவின் சுங்கை சிப்புட், பீடோர், பெடோங் போன்ற தோட்டப் பட்டணங்களில் வளரும் நம் பிள்ளைகளுக்கு வீட்டில் தமிழ், கடைத்தெருவில் மலாய். ஆங்கிலம் பெரும்பாலும் வகுப்பறையோடு சரி. அதனால் அவர்கள் ஆங்கில வாக்கியத்தில் செய்யும் தவறுகளுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. சில தமிழிலிருந்து வருகின்றன, சில மலாயிலிருந்து. எது எங்கிருந்து வருகிறது என்று பிரித்துக் காட்டினால் பிள்ளை தானே திருத்திக்கொள்ளும். ‘கிராமர் வீக்’ என்று சிவப்பு மையில் எழுதுவதில் யாருக்கும் பயனில்லை.

‘ஷீ டயர்ட்’, ‘ஐ ஹங்ரி’ இரண்டும் மலாய்ச் சரக்கு. ‘டியா பெனாட்’, ‘சாயா லாப்பார்’ என்று இரண்டே சொல்லில் மலாயில் வாக்கியம் முடிந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் பெயரடை தனியாகப் பயனிலை ஆகாது, அதைத் தாங்க ஒரு வினைச்சொல் வேண்டும். ‘எம், இஸ், ஆர்’ செய்வது அந்த வேலையைத்தான். இதை விளக்க இலக்கணப் புத்தகத்தைத் தேட வேண்டியதில்லை, வீட்டுத் தமிழே போதும். ‘அவ களைப்பா இருக்கா’ என்கிறோமே, அந்த ‘இருக்கா’தான் ‘இஸ்’. டீ சூடா இருக்கு: ‘தி டீ இஸ் ஹாட்’. ரோடு வழுக்கலா இருக்கு: ‘தி ரோட் இஸ் ஸ்லிப்பரி’. அவங்க பிஸியா இருக்காங்க: ‘தே ஆர் பிஸி’. தமிழில் ‘ஆ இருக்கு’ என்று முடிந்தால் ஆங்கிலத்தில் எழுவாய், பிறகு எம்/இஸ்/ஆர், பிறகு பெயரடை. ‘அவன் நல்லவன்’ மாதிரி ‘இரு’ இல்லாத வாக்கியங்களில் மட்டும் தமிழ் கைவிட்டுவிடும். அங்கேயும் ‘இஸ்’ போட்டாக வேண்டும்.

ஆனால் அதே ‘ஆ’ வேறு வினைக்கு முன்னால் வந்தால் கதை மாறும். ‘நல்லா இருக்கு’ என்றால் ‘இட் இஸ் குட்’, ‘நல்லா பாடுறா’ என்றால் ‘ஷீ சிங்ஸ் வெல்’. தமிழ்ப்பள்ளியில் ‘ஆக’ என்று முடிவது வினையடை என்று சொல்லிக் கொடுத்திருப்பார்கள். ஆங்கிலத்தில் ‘இரு’வுக்கு முன் வரும் ‘ஆக’ பெயரடையாகிவிடுகிறது, மற்ற வினைகளுக்கு முன் வருவது வினையடையாகவே நிற்கிறது. இதிலும் ஐந்து வினைகள் சண்டித்தனம் செய்யும்: லுக், ஃபீல், ஸ்மெல், டேஸ்ட், சவுண்ட். ‘கறி நல்லா மணக்குது’ என்பது ‘தி கரி ஸ்மெல்ஸ் குட்’, ‘வெல்’ வராது. சந்தேகம் வந்தால் அந்த வினையை எடுத்துவிட்டு ‘இஸ்’ வைத்துப் பாருங்கள். ‘தி கரி இஸ் குட்’ என்பதில் பொருள் அதிகம் மாறவில்லை, ஆகவே பெயரடைதான். ‘ஷீ சிங்ஸ் வெல்’ என்பதை ‘ஷீ இஸ் வெல்’ ஆக்கினால் அவள் பாடுவதை விட்டுவிட்டு உடல் நலத்தைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவோம்.

தமிழ்ப் பிள்ளைகளை நிஜமாகவே இழுத்தடிப்பது ‘எனக்கு’. தமிழில் பசி, காய்ச்சல், வயசு, ஆசை எல்லாம் ‘எனக்கு’ என்ற ஒரே கதவு வழியாக நுழைகின்றன. ஆங்கிலத்தில் ஆளுக்கொரு கதவு. முதல் படி எல்லாவற்றுக்கும் பொது: ‘எனக்கு’ என்பது ‘ஐ’, ‘அவனுக்கு’ என்பது ‘ஹீ’, ‘அவங்களுக்கு’ என்பது ‘தே’. ‘டு மீ’, ‘ஃபார் மீ’ என்று தொடங்கினாலே பாதை தவறிவிடும். அடுத்தது, மீதியுள்ள சொல் ஆங்கிலத்தில் என்ன வகை என்று பார்ப்பது. பசிக்குது, தூக்கம் வருது, குளிருது, பயமா இருக்கு எல்லாம் அங்கே பெயரடைகள்: ‘ஐ எம் ஹங்ரி, ஸ்லீப்பி, கோல்ட், ஸ்கேர்ட்’. காய்ச்சல், தலைவலி, இருமல் பெயர்ச்சொற்கள், ஆகவே ‘ஹேவ்’ வேண்டும்: ‘ஐ ஹேவ் எ ஃபீவர்’, ‘ஹீ ஹேஸ் எ காஃப்’. கிளினிக்கில் ‘ஐ எம் ஃபீவர்’ என்றால் டாக்டருக்குப் புரியும்தான், ஆனால் ‘நானே காய்ச்சல்’ என்றல்லவா ஆகிறது! தெரியும், பிடிக்கும், வேணும் மூன்றும் முழு வினைகள்: ‘ஐ நோ’, ‘ஐ லைக்’, ‘ஐ வாண்ட்’. இவற்றோடு ‘எம்’ ஒட்டாது. தங்கச்சி இரண்டு பேர் இருந்தால் ‘ஐ ஹேவ்’. வயசு மட்டும் விதிவிலக்கு மாதிரித் தெரியும். ‘எனக்குப் பதினாறு வயசு’ என்பது ‘ஐ எம் சிக்ஸ்டீன்’, ‘ஹேவ்’ கிடையாது.

‘எம்’ போடச் சொல்லிக் கொடுத்ததும் மறுபக்கத் தவறு கிளம்பும்: ‘ஐ எம் அக்ரி’, ‘மை ஃபாதர் இஸ் வொர்க் அட் தி மில்’. ‘ஐ’க்குப் பின் ‘எம்’ வால் மாதிரி எப்போதும் தொங்கும் என்று பிள்ளை நினைத்துக்கொள்கிறது. அக்ரி, வொர்க் ஆகியவை தாமே வினைகள், அவற்றுக்குத் தாங்கி வேண்டாம். ‘ஐ அக்ரி’, ‘மை ஃபாதர் வொர்க்ஸ்’. இப்போது ஆலையில் வேலையாக இருக்கிறார் என்றால்தான் ‘இஸ் வொர்க்கிங்’. கேள்விக்கும் மறுப்புக்கும் இதே பிரிவினைதான். பெயரடை என்றால் ‘இஸ் ஹீ டயர்ட்?’, ‘ஐ எம் நாட் ஹங்ரி’. வினை என்றால் ‘டஸ் ஹீ வொர்க்?’, ‘ஐ டோன்ட் நோ’. ‘டஸ் ஹீ வொர்க்ஸ்’ என்று எழுதினால் ‘எஸ்’ இரண்டு முறை வந்துவிடுகிறது. ‘டஸ்’ ஏற்கெனவே அதை எடுத்துக்கொண்டது.

மூவிடப்பெயரை, அதாவது நான், நீ, அவன் போன்ற சொல்லை, விழுங்கிவிடுவது இன்னொரு பழக்கம். ‘சாப்பிட்டேன்’ என்றாலே யார் சாப்பிட்டது என்று விகுதி சொல்லிவிடும். ஆங்கிலத்தில் ஐ, வீ, தே எல்லாவற்றுக்கும் ‘எய்ட்’ ஒன்றுதான், ஆகவே ஆளைச் சொல்லாமல் தப்ப முடியாது. மலாயின் ‘சுடா மாக்கான்’ வழியாக வந்த ‘ஆல்ரெடி ஈட்’ கடையில் செல்லும், தாளில் செல்லாது. அங்கே ‘ஐ ஹேவ் ஆல்ரெடி ஈட்டன்’. மழை, வெயில், மணி ஆகியவற்றுக்குச் செய்பவர் இல்லாவிட்டாலும் ‘இட்’ என்று ஒரு பொம்மையை உட்கார வைக்க வேண்டும்: ‘இட் இஸ் ரெய்னிங்’, ‘இட் இஸ் எய்ட் ஓ கிளாக்’.

ஹீ, ஷீ குழப்பத்துக்கு ‘டியா’வை மட்டும் குறை சொல்லக் கூடாது. மலாயில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ‘டியா’தான், சரி. நம் எழுத்துத் தமிழின் மரியாதைச் சொல்லான ‘அவர்’ என்பதும் இருபாலுக்கும் பொதுதானே? ‘டீச்சர் வந்துவிட்டார்’ என்று எழுதிப் பழகிய பிள்ளை, அந்த ஆசிரியையை ‘ஹீ’ என்று எழுதுவதில் வியப்பில்லை. ‘ஹிஸ், ஹெர்’ இரண்டும் சொந்தக்காரரைப் பார்த்து வருபவை. அண்ணனின் மனைவி ‘ஹிஸ் வைஃப்’தான். ‘யூ’ ஒருவரைக் குறித்தாலும் ‘ஆர்’தான் எடுக்கும், ஏனென்றால் அது பழைய ஆங்கிலத்தில் பன்மையாக இருந்த சொல். நம் ‘நீங்க’ மாதிரி.

பெயர்ச்சொல்லுக்கு முன்னால் பெயரடை வைப்பதில் பெரிய சிரமம் இல்லை, தமிழும் அப்படித்தான் வைக்கிறது. கருத்து, அளவு, வயது, நிறம் என்ற வரிசை போதும்: ‘எ நைஸ் பிக் ஓல்ட் ரெட் லோரி’. பன்மையிலும் ‘பிக்’ அப்படியே நிற்கும்.

ஐந்தாம் படிவத்தில் எழுதும் எஸ்பிஎம் தேர்வில், ஆங்கில எழுத்துத் தாளின் முதல் பகுதி சுமார் 80 சொல்லில் ஒரு மின்னஞ்சல். இத்தனை தவறும் கூடிக் கும்மியடிப்பது அங்கேதான். மாதிரிக்கு இரண்டு வரி: ‘ஐ வெரி எக்ஸைட்டிங். மை ஆன்ட்டி இஸ் கம் டுமாரோ அண்ட் ஹீ ஹேவ் நியூ கார்.’ எக்ஸைட்டிங், போரிங், டயரிங் ஆகியவை அந்த உணர்வைத் தரும் பொருளுக்கு, எக்ஸைட்டட், போர்ட், டயர்ட் அதை உணரும் ஆளுக்கு. ‘ஐ எம் போரிங்’ என்று எழுதினால், நான் மற்றவர்களை அறுக்கிறேன் என்று பொருள். திருத்தியபின்: ‘ஐ எம் வெரி எக்ஸைட்டட். மை ஆன்ட்டி இஸ் கமிங் டுமாரோ அண்ட் ஷீ ஹேஸ் எ நியூ கார்.’

எழுதி முடித்ததும் மூன்று முறை படிக்கச் சொல்லுங்கள். முதல் முறை ஒவ்வொரு வாக்கியத்திலும் எழுவாயும் வினையும் இருக்கின்றனவா என்று மட்டும், இரண்டாம் முறை ஹீ, ஷீ, இட்டுக்குரிய ‘எஸ்’ மட்டும், மூன்றாம் முறை ஹீயா ஷீயா என்று மட்டும். எல்லாவற்றையும் ஒரே வாசிப்பில் தேடினால் கண் பொருளோடு ஓடிவிடும், பிழை அப்படியே நிற்கும்.