என் பேரலுக்கு எந்த பெல்லட்?

2024 ஜூலை 6, சனி

என் ஏர் பிஸ்டலுக்கான பெல்லட், அதாவது சின்ன ஈயக் குண்டு, பழைய டின்னில் இன்னும் எழுபது இருந்தால் அதிகம். இன்று 60 ஷாட்டுக்கு, 600க்கு 558. மொத்தம் பரவாயில்லை. ஆனால் நாலைந்து ஷாட்டில் கை அசையவே இல்லை, டிரிகரும் சுத்தமாக விட்டது, ஸ்கோர் திரையில் மட்டும் 9.6, 9.5. கையா, பெல்லட்டா என்ற சந்தேகம் ஒருமுறை புகுந்துவிட்டால் அடுத்த ஷாட்டும் கெடுகிறது.

கோச் கேட்டுவிட்டு, "முதல்ல பிஸ்டலை வைஸ்ல கட்டிப் பாருங்க தம்பி. கையைப் பத்தி அப்புறம் பேசலாம்" என்றார். வைஸ் என்பது மேஜையில் பொருளை அசையாமல் இறுக்கிப் பிடிக்கும் இடுக்கி.

ஜூலை 10, புதன்

மூன்று டின் வாங்கினேன். எச் அண்ட் என் ஃபினாலே மேட்ச் 0.49 கிராமில் தலை அளவு 4.49 மி.மீ. ஒன்று, 4.50 ஒன்று. மூன்றாவது ஆர்டபிள்யூஎஸ் ஆர்10, 0.45 கிராம். எல்லாம் 4.5 மி.மீ. ரகம்தான். ஆனால் பேரலுக்குள், அதாவது குழலுக்குள், செதுக்கிய சுருள் வரிகளை பெல்லட்டின் தலை எவ்வளவு இறுக்கமாகத் தொடுகிறது என்பதை மில்லிமீட்டரில் அந்த நூறில் ஒரு பங்குதான் முடிவு செய்கிறது. பேரலுக்குப் பேரல் இது மாறும். "எல்லாரும் 4.50தான் போடறாங்க" என்றான் நண்பன். அவன் பேரலுக்கு அது சரியாக இருக்கலாம்.

ஜூலை 14, ஞாயிறு

காலை ஏழு மணிக்கே ரேஞ்சில். பிடியைக் கழற்றி, ரப்பர் வைத்து, வைஸில் பிஸ்டலை இறுக்கினோம். டின் மாற்றும்போதெல்லாம் முதல் பத்து ஷாட்டைக் கணக்கில் சேர்க்கவில்லை. முந்தைய பெல்லட் விட்டுப்போன ஈயப்பூச்சு போய்ப் புதியது படிய அவ்வளவாவது வேண்டும். அப்புறம் ஒவ்வொரு டின்னுக்கும் ஐந்து ஐந்து ஷாட்டாக ஐந்து குரூப். ஒரு குரூப்பின் ஓட்டைகள் எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு நல்லது.

தட்டைத் தலை பெல்லட் காகிதத்தை பஞ்சிங் மெஷின் போல வட்டமாக வெட்டுகிறது. ஓட்டையைச் சுற்றி மெல்லிய சாம்பல் வளையம், விரலால் தொட்டால் ஒட்டும் ஈயம். நுண்ணளவு பார்க்கும் வெர்னியர் அளவுகோலை குரூப்பின் வெளி விளிம்பில் வைத்து அளந்து, அதிலிருந்து பெல்லட்டின் அகலமான 4.5 கழித்தேன். குரூப் அகலத்தின் சராசரி இப்படி வந்தது: 4.50 டின் 2.4 மி.மீ., ஆர்10 2.1, 4.49 டின் 1.6. பழைய டின்னின் மிச்சம் 6.3!

4.49 ஜெயிக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. நம்பாமல் இன்னும் மூன்று குரூப் அடித்தேன். அதேதான்.

ஜூலை 20, சனி

மச்சினன் நகைப்பட்டறையில் மில்லிகிராம் காட்டும் தராசு இருக்கிறது. பெல்லட் டின்னைப் பார்த்ததும் பதறிவிட்டான். "ஈயத்தைத் தட்டுல நேரா வைக்காதீங்க மாமா, துளி ஒட்டினாலும் தங்கம் நொறுங்கிப்போயிடும்." காகிதம் விரித்து 4.49 டின்னிலிருந்து நூறு பெல்லட்டை எடை போட்டோம். பெரும்பாலானவை 0.488இலிருந்து 0.494 கிராமுக்குள். எடையை விட எனக்கு உறுத்தியது வேறு. மூன்று பெல்லட்டில் பின்பக்கப் பாவாடை நசுங்கியிருந்தது. காற்றை அடைத்துத் தள்ளுவதே அந்த விளிம்புதான். இனி டின்னைப் பையில் குலுங்க விடமாட்டேன். வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் காபி.

ஜூலை 28, ஞாயிறு

பாரிஸ் ஒலிம்பிக் ஏர் பிஸ்டலில் மனு பாக்கருக்கு வெண்கலம்! டிவி முன்னால் கத்திவிட்டேன். 221.7 புள்ளி. தென் கொரியாவின் கிம் யேஜி அவரை முந்தியது வெறும் 0.1இல்.

ஏர் பிஸ்டல் டார்கெட்டில் ஒரு வளையத்துக்கும் அடுத்ததற்கும் 8 மி.மீ. அப்படியென்றால் 0.1 என்பது 0.8 மி.மீ. வெர்னியரை எடுத்து அவ்வளவு மட்டும் திறந்து விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். என் 4.50 குரூப்புக்கும் 4.49 குரூப்புக்கும் இருந்த வித்தியாசமும் அதே 0.8. குரூப் அகலமும் ஸ்கோரும் ஒன்றல்ல, தெரியும். இருந்தாலும் அந்த இடுக்கு வழியாக வந்த வெளிச்சத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

4.49 டின் அடியில் அச்சடித்த லாட் நம்பரை, அதாவது எந்தத் தயாரிப்புத் தொகுதி என்ற எண்ணை, குறித்து வைத்திருக்கிறேன். காலையில் கடைக்குப் போன் செய்து, அதே லாட்டில் எத்தனை டின் இருக்கிறது என்று கேட்க வேண்டும்.