துரியோதனனுக்கு ஒரு பாஸ்போர்ட் சைஸ்

செய்யாறு பக்கம் ஒரு கிராமம். திரௌபதி அம்மன் கோயிலில் அன்று ராத்திரி பதினெட்டாம் போர், பாரதப் போரின் கடைசி நாள் கூத்து. கூத்து தொடங்கப் பத்து மணிக்கு மேலாகும் என்று தெரிந்தும் ஏழு மணிக்கே கேமராவோடு போய் உட்கார்ந்துவிட்டேன். கூத்து ஆடுகிற களரியைவிட வேஷம் கட்டுகிற இடம்தான் எனக்கு முக்கியம்.

இந்த முறை அது பள்ளிக்கூடத்து வகுப்பறை. பாயில் சம்மணமிட்டு, உள்ளங்கையளவு கண்ணாடியைப் பிடித்தபடி துரியோதன வேஷக்காரர் தன் முகத்தைத் தானே எழுதிக்கொண்டிருந்தார். முகம் முழுக்கச் சிவப்பு. தேங்காயெண்ணெயில் குழைத்த முத்துவெள்ளையை ஈர்க்குச்சியில் தொட்டு, கன்னத்தில் ஒவ்வொரு புள்ளியாக வைத்தார். ஒவ்வொன்றுக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டார். நானும்தான்.

முதல் பத்துப் படமும் பாழ். குறுக்கே வரிவரியாகக் கறுப்புப் பட்டை. நம்மூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மலிவான எல்இடி விளக்கு விநாடிக்கு 100 தடவை மங்கி எரியும். 1/250 விநாடியில் வைத்திருந்த ஷட்டர் வேகத்தை 1/100-க்கு இறக்கியதும் பட்டை போய்விட்டது. உட்கார்ந்திருப்பவருக்கு அது போதும். சுழன்று ஆடுபவருக்கு எங்கே போதும்? படம் கலங்கிவிடும்.

"இதத் தூக்கிப் பாரு" என்று தோளில் கட்டுகிற புஜக்கட்டையை நீட்டினார். கண்ணாடிச் சில்லும் ஜிகினாத் தாளும் ஒட்டியிருந்ததைப் பார்த்தால் நல்ல கனம் போலத் தெரிந்தது. கையில் வாங்கினால் பஞ்சு. கல்யாண முருங்கை மரமாம். விடிய விடிய ஆட வேண்டுமே!

களரியில் எடுத்தவை சுமார்தான். காலையில் படுகளம், துரியோதனன் விழுகிற சடங்கு. களிமண்ணில் செய்த துரியோதனன் ஊருக்கு வெளியே மல்லாந்து கிடந்தான். பீமன் தொடையில் அடிக்க, திரௌபதி கூந்தல் முடிந்தாள். ஆளுக்கொரு செல்போனைத் தூக்கியதில் எனக்குக் கிடைத்ததெல்லாம் முழங்கைகள்.

அப்புறம் வகுப்பறைக்குத் திரும்பினேன். எண்ணெய் தேய்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தவர், "தம்பி, ஒரு பாஸ்போர்ட் சைஸ் எடுத்துக் குடுப்பியா?" என்றார். நாட்டுப்புறக் கலைஞர் நலவாரிய அட்டைக்காம்.

"உங்களைத்தான் இவ்வளவு பேர் எடுக்கிறாங்களே, வாத்தியாரே."

"எல்லாத்துலயும் அவன்தான் இருக்கான்."

கரும்பலகைமேல் ஒரு வெள்ளை வேட்டியைத் தொங்கவிட்டோம். மிருதங்கக்காரரின் சட்டையை வாங்கிப் போட்டு, தலை சீவிக்கொண்டு வந்து நின்றார். ராத்திரி முழுக்க ஊரே அதிரக் கத்தியவர், லென்ஸைப் பார்த்ததும் விறைத்துப் போனார். கண்ணைச் சிமிட்டாமல் ஒரு படம் கிடைக்க இருபது தடவை அழுத்த வேண்டியிருந்தது.

செய்யாற்றில் பிரிண்ட் போடும்போது ஸ்டூடியோக்காரர், "காது மடல்ல சிவப்பா இருக்கே சார், எடுத்துடவா?" என்றார். அட்டைக்குப் போகிற படம், எடுத்துவிடுங்கள் என்றேன். என்னிடம் இருக்கிற படத்தில் அந்தச் சிவப்பு அப்படியே இருக்கிறது.