லிஸ்ட்பாக்ஸ் வரிக்குள் இருக்கும் பெட்டியைப் பிடித்தேன்

வீட்டுப் புத்தகங்களுக்காக, டபிள்யூ.பி.எஃப். (விண்டோஸ் நிரல்களின் திரைகளை அமைக்க மைக்ரோசாஃப்ட் தரும் கருவித்தொகுப்பு) கொண்டு நான் எழுதிவரும் நிரலில் மூன்று வார இறுதிகளை விழுங்கிய சிக்கல் ஒன்று நேற்றிரவு ஒருவழியாகத் தீர்ந்தது. ஒரு புத்தகத்தின் பார்கோடை ஸ்கேன் செய்தவுடன் லிஸ்ட்பாக்ஸில், அதாவது வரிவரியாகக் காட்டும் பட்டியலில், அதன் வரிக்குச் சென்று, அங்குள்ள அலமாரி எண் பெட்டியில் கர்சர் நிற்க வேண்டும்; எண்ணைத் தட்டி என்டர் அழுத்தினால் மேலேயுள்ள ஸ்கேன் பெட்டிக்குத் திரும்ப வேண்டும். நான் கேட்டது இவ்வளவுதான்.

15 புத்தகங்களை வைத்துச் சோதித்தபோது ஒரு புத்தகத்தின் கன்டெயினரை, அதாவது திரையில் அதன் வரியாக நிற்கும் உறுப்பை, எடுத்துத் தரும் ஐட்டம்கன்டெயினர்ஜெனரேட்டரின் கன்டெயினர்ஃப்ரம்ஐட்டம் கேட்டதையெல்லாம் கொடுத்தது. 1,140 புத்தகங்களையும் ஏற்றிய அன்று, பட்டியலின் நடுவிலிருந்த ஒரு புத்தகத்தை ஸ்கேன் செய்ததும் அது நல்லை, அதாவது எதுவும் இல்லை என்ற மதிப்பை (null), திருப்பித் தந்தது, நிரலும் விழுந்தது. நல்லாக இருந்தால் விட்டுவிடு என்று அவசரமாக ஒரு சோதனையைச் சேர்த்தேன். விழுவது நின்றது, ஆனால் கர்சர் ஸ்கேன் பெட்டியிலேயே நின்றுவிட்டதால், நான் தட்டிய அலமாரி எண்ணைப் பார்கோடு என்று எடுத்துக்கொண்டு, "7 என்ற புத்தகம் இல்லை" என்று நிரல் அறிவித்தது.

காரணம் வர்ச்சுவலைசேஷன், அதாவது தேவைப்படும் வரிகளை மட்டும் திரையில் உருவாக்கும் சிக்கன முறை. கண்ணுக்குத் தெரியும் ஏறக்குறைய 18 வரிகளுக்கும் அவற்றை ஒட்டிய சிலவற்றுக்கும் மட்டுமே லிஸ்ட்பாக்ஸ் கன்டெயினர்களை உருவாக்குகிறது. மற்றவை தரவாக மட்டுமே இருக்கின்றன, ஆகவே இல்லாத கன்டெயினரை அது எங்கிருந்து எடுத்துத் தரும்? வர்ச்சுவலைசேஷனையே அணைத்துப் பார்த்தேன். வேலை நடந்தது, ஆனால் அட்டைப் படங்களோடு சாளரம் திறப்பதற்குள் பொறுமை போய்விட்டது.

முதலில் ஸ்க்ரோல்இன்டுவியூ மூலம் வரியைத் திரைக்குள் கொண்டுவந்து, பிறகு கன்டெயினரைக் கேட்பதே வழி. இதிலும் ஒரு பொறி இருக்கிறது: கன்டெயினர்கள் தயாராகாத நேரத்தில் அழைத்தால், ஸ்க்ரோல்இன்டுவியூ தன் வேலையை, திரை வேலைகளை ஒவ்வொன்றாக நடத்தும் டிஸ்பாட்சரின் வரிசையில் போட்டுவிட்டு உடனே திரும்பிவிடுகிறது, நிரலின் அடுத்த வரியில் நாம் கேட்கும்போது மறுபடியும் நல். அதற்கு முன்பும் பின்பும், திரை அமைப்பை உடனே புதுப்பிக்கும் அப்டேட்லேஅவுட்டை அழைத்த பிறகுதான் எனக்கு ஒவ்வொரு முறையும் கன்டெயினர் கிடைத்தது. இப்படி இரண்டு முறை அழைப்பது அழகல்ல என்று எனக்கும் தெரியும்.

கன்டெயினர் கையில் வந்த பின்பும் அரை நாள் போயிற்று. வரியின் தோற்றத்தை வரையறுப்பது டேட்டாடெம்ப்ளேட்; பெயரைக் கொண்டு அதிலுள்ள பெட்டியைத் தேடும் ஃபைண்ட்நேமுக்கு, அந்தக் கன்டெயினரான லிஸ்ட்பாக்ஸ்ஐட்டத்தைக் கொடுத்தேன். இந்த டெம்ப்ளேட் பொருத்தப்பட்ட உறுப்பின் மீது மட்டுமே இது செல்லும் என்று எக்செப்ஷன் (பிழை அறிவிப்பு) வந்தது. டேட்டாடெம்ப்ளேட் பொருந்துவது வரிக்கு உள்ளே ஒளிந்திருந்து உள்ளடக்கத்தைக் காட்டும் கன்டென்ட்பிரசென்டரின் மீது. விஷுவல்ட்ரீஹெல்பரைக் கொண்டு அடுக்கடுக்காக இறங்கி அதைத் தேடி, அப்ளைடெம்ப்ளேட் அழைத்து, அதன் பிறகு ஃபைண்ட்நேமுக்குக் கொடுத்தபோதுதான் அலமாரி எண் பெட்டியான டெக்ஸ்ட்பாக்ஸ் கிடைத்தது. தரவையும் திரையையும் கண்டிப்பாகப் பிரித்து எழுதும் எம்.வி.வி.எம். முறையின் பக்தர்கள் கன்டெயினரைத் தொடுவதே பாவம் என்பார்கள். ஃபோகஸ், அதாவது கர்சர் எந்தப் பெட்டியில் நிற்கும் என்பது, திரையின் வேலை, அதைத் திரைக்குரிய நிரலில் எழுதுவதில் எனக்குக் கூச்சமில்லை.

ஆனால் அலமாரி எண்ணைச் சரிபார்த்த பெட்டியின் பின்னணியை நிரலிலிருந்தே பச்சையாக்கியது என் தவறுதான். வேகத்துக்காக வர்ச்சுவலைசேஷனை ரீசைக்ளிங் முறைக்கு மாற்றியிருந்தேன். ஸ்க்ரோல் செய்தபோது, நான் தொடவே தொடாத புத்தகங்களும் பச்சையாக வந்து நின்றன. பழைய பெட்டியையே புதிய தரவுக்கு மறுபடி பயன்படுத்துவதால், கையால் பூசிய நிறமும் கூடவே வருகிறது. சரிபார்த்தாயிற்று என்ற குறிப்பைப் புத்தகத் தரவிலேயே வைத்து, தரவைப் பார்த்துத் தோற்றத்தை மாற்றும் டேட்டாட்ரிகரால் நிறம் மாற்றும் வேலையை இப்போது பாதி முடித்திருக்கிறேன்.

ஸ்கேனரைப் பற்றியும் சொல்ல வேண்டும். வாங்கியது மலிவான யூ.எஸ்.பி. ஸ்கேனர், கணினிக்கு அது ஒரு விசைப்பலகை, 13 இலக்கங்களைத் தட்டி முடிவில் என்டரையும் தானே அழுத்திவிடும். அதனால் கர்சர் தவறான இடத்தில் நின்றால், அலமாரி எண் பெட்டிக்குள் 978 என்று தொடங்கும் முழு ஐ.எஸ்.பி.என்., அதாவது புத்தகத்தின் அடையாள எண், போய் உட்கார்ந்துகொள்கிறது. இனி அந்தப் பெட்டியில் மூன்று எழுத்துகளுக்கு மேல் விடப்போவதில்லை. பார்கோடே இல்லாத பழைய தமிழ்ப் புத்தகங்கள் இரண்டு அலமாரிகள் நிறைய இருக்கின்றன. அவற்றுக்கு நானே எண் கொடுத்து ஸ்டிக்கர் அச்சிட வேண்டும், அதற்கேற்ற ஒட்டுத்தாளைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.