கேமராவைக் கேட்டுவிட்டுக் கார்டு வாங்குங்கள்

சென்ற தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில், அண்ணன் மகளும் நானும் திருநெல்வேலி மாவட்டத்தின் பறவைகள் சரணாலயமான கூந்தன்குளத்துக் கரையில் நின்றுகொண்டிருந்தோம். நான் 2009ஆம் ஆண்டில் வாங்கிப் பல வருடங்கள் பயன்படுத்திய கேமராவை, கல்லூரியில் காட்சித் தொடர்பியல் படிக்கும் அவளுக்குக் கொடுத்திருந்தேன். அதற்கென்று முந்தின நாள் மாலை கடையில் அவளே வாங்கிவந்த 64 ஜிபி மெமரி கார்டின் உறையைக் குளத்தங்கரையில்தான் பிரித்தாள். கூழைக்கடாக்கள் தண்ணீரில் இறங்கிக்கொண்டிருந்த நேரம், கேமராவின் திரையில் இந்தக் கார்டைப் பயன்படுத்த முடியாது என்ற ஒற்றை வரி வந்து நின்றது. கழற்றிப் போட்டோம், அணைத்துத் திறந்தோம், துணியால் துடைத்தும் பார்த்தோம். "புதுக் கார்டுதானே சித்தப்பா, ஏன் எடுக்க மாட்டேங்குது?" என்று அவள் கேட்டபோது, கார்டு போடும் அறையின் மூடியைத் திறந்து உள்பக்கத்தைக் காட்டினேன். அங்கே எஸ்டிஎச்சி என்ற சின்னம் இருந்தது. அவள் கையிலிருந்த கார்டில் எஸ்டிஎக்ஸ்சி என்று அச்சிட்டிருந்தது.

கார்டிலும் குறையில்லை, கேமராவிலும் குறையில்லை. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாதவை, அவ்வளவுதான். கார்டு வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் எத்தனை ஜிபி, என்ன விலை என்ற இரண்டு கேள்விகளோடு கடைக்குப் போகிறோம். அவற்றுக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. அதைக் கடைக்காரரிடம் கேட்டுப் பயனில்லை, கேமராவிடம்தான் கேட்க வேண்டும்: நீ எந்த வகைக் கார்டை ஏற்பாய், எவ்வளவு வேகத்தில் எழுதுவாய்?

குழப்பத்துக்குக் காரணம், எஸ்டி கார்டுகள் எல்லாம் வெளித்தோற்றத்தில் ஒன்றாகவே இருப்பதுதான். 32 மில்லிமீட்டர் நீளம், 24 மில்லிமீட்டர் அகலம், 2.1 மில்லிமீட்டர் கனம் என்ற அளவு, 1999இல் சான்டிஸ்க், பானசோனிக், தோஷிபா ஆகிய மூன்று நிறுவனங்களும் சேர்ந்து இந்தக் கார்டை அறிவித்த நாளிலிருந்து மாறவேயில்லை. மாறியதெல்லாம் உள்ளே இருக்கும் முறை. முதலில் வந்த சாதாரண எஸ்டி கார்டின் கொள்ளளவு 2 ஜிபி வரை. 2006இல் வந்த எஸ்டிஎச்சி, அதற்கு மேல் 32 ஜிபி வரை செல்லும். 2009இல் அறிவிக்கப்பட்ட எஸ்டிஎக்ஸ்சி, 32 ஜிபிக்கு மேல் 2 டிபி, அதாவது ஏறக்குறைய 2,000 ஜிபி வரை செல்லும். புதிய கேமரா பழைய கார்டை ஏற்கும், ஆனால் பழைய கேமரா தன் காலத்துக்குப் பிறகு வந்த கார்டை ஏற்காது என்பதே இதன் பொது விதி. 2005இல் வந்த நிக்கான் டி50 சாதாரண எஸ்டி கார்டோடு நின்றுவிட, அடுத்த ஆண்டின் இறுதியில் வந்த டி40 எஸ்டிஎச்சி கார்டையும் ஏற்றுக்கொண்டது. இடையில் ஏறக்குறைய ஒன்றரை ஆண்டுதான், ஆனால் இன்று இவற்றில் ஒன்றைப் பழைய பொருளாக வாங்குகிறவருக்கு அந்த ஒன்றரை ஆண்டு பெரிய வேறுபாடு.

எஸ்டிஎச்சி கார்டு ஃபேட்32 என்ற கோப்பு முறையிலும், எஸ்டிஎக்ஸ்சி கார்டு எக்ஸ்ஃபேட் என்ற முறையிலும் ஃபார்மட் செய்யப்பட்டு வருகின்றன. எனவே 64 ஜிபி கார்டைக் கணினியில் ஃபேட்32 முறைக்கு மாற்றிப் பழைய கேமராவில் போடலாம் என்று நண்பர்கள் யோசனை சொல்வார்கள். சில கேமராக்கள் அதை ஏற்கவும் செய்கின்றன. ஆனாலும் கேமரா செய்தவர்கள் உறுதி கொடுக்காத ஒன்றை நம்பி, திரும்பக் கிடைக்காத படங்களை அதில் எடுப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

வேகத்தைப் பற்றி நான் கற்றுக்கொண்டது வேறொரு நாளில். ஒரு வருடம் நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தை என் புதிய கேமராவில் 4கே காணொளியாக எடுத்துக்கொண்டிருந்தேன். வடம் இறுகி, கட்டை போடுகிறவர்கள் சக்கரத்துக்கு அருகே ஓடி, தேர் முனையில் திரும்பத் தொடங்கிய நேரத்தில் பதிவு தானாக நின்றது. மீண்டும் அழுத்தினேன், சில நொடிகளில் மீண்டும் நின்றது. அன்று அதில் இருந்தது, போனிலிருந்து எடுத்து அடாப்டரில் செருகிய மைக்ரோ எஸ்டி கார்டு. அதன் முகத்தில் சி என்ற ஆங்கில எழுத்துக்குள் 10 என்ற எண் மட்டுமே இருந்தது.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டபோதுதான் காரணம் விளங்கியது. என் கேமராவின் 4கே பதிவு நொடிக்கு 100 மெகாபிட். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட் என்பதால், நொடிக்கு 12.5 மெகாபைட் இடைவிடாமல் கார்டில் எழுதப்பட வேண்டும். கிளாஸ் 10 என்ற முத்திரை உறுதி தருவதோ நொடிக்கு 10 மெகாபைட்டுக்கு மட்டுமே. அதற்கு மேல் எழுதினால் அது அந்தக் கார்டின் நல்ல குணம், உரிமையோடு எதிர்பார்க்க முடியாது.

கார்டின் முகத்தில் பெரிதாக அச்சிட்டிருக்கும் 170, 200 போன்ற எண்களைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள். அவை பெரும்பாலும் கார்டிலிருந்து கணினிக்குப் படிக்கும் வேகம், அதுவும் உச்ச வேகம். கார்டுக்கும் கேமராவுக்கும் இடையே தரவு போய்வரும் யுஎச்எஸ்-1 என்னும் இணைப்பின் வரம்பே நொடிக்கு 104 மெகாபைட்தான். அதைத் தாண்டிய எண்ணை அடைய அந்த நிறுவனம் குறிப்பிடும் கார்டு ரீடர் தேவைப்படும், கேமராவுக்குள் அந்த வேகம் வராது. நமக்கு வேண்டியது சிறிய எழுத்தில் இருக்கும் முத்திரை. யு என்ற எழுத்துக்குள் 1 இருந்தால் குறைந்தது 10 மெகாபைட், 3 இருந்தால் 30. வி30, வி60, வி90 ஆகியவற்றில் எண்ணே குறைந்தபட்ச எழுதும் வேகத்தைச் சொல்லிவிடும். 100 மெகாபிட் பதிவுக்கு வி30 தாராளம். 400 மெகாபிட்டில் எழுதும் கேமராவுக்கு நொடிக்கு 50 மெகாபைட் வேண்டும் என்பதால் வி60 வாங்க வேண்டும். ஏ1, ஏ2 என்ற முத்திரைகள் போனில் செயலிகளை இயக்குவதற்கானவை, அவற்றுக்காகக் கேமராக்காரர் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

கார்டைத் திருப்பிப் பார்த்தால் தங்க நிறத் தொடுமுனைகள் சில கார்டுகளில் ஒரு வரிசையாகவும் சிலவற்றில் இரண்டு வரிசையாகவும் இருக்கும். இரண்டு வரிசை உள்ளது யுஎச்எஸ்-2. அதன் வரம்பு நொடிக்கு 312 மெகாபைட். பறவைகளைத் தொடர்ந்து படபடவென்று ரா கோப்புகளாக, அதாவது சுருக்கிப் பதப்படுத்தாத பெரிய கோப்புகளாக எடுக்கிறவர்களுக்கு இது மெய்யாகவே உதவும், ஏனென்றால் கார்டில் எழுதும் வரை படங்களைத் தற்காலிகமாக வைத்திருக்கும் கேமராவின் பஃபர் நிறைந்ததும் அது காலியாகும் வேகத்தைக் கார்டுதான் தீர்மானிக்கிறது. ஆனால் கேமராவின் உள்ளே அந்த இரண்டாம் வரிசைக்கான முனைகள் இல்லையென்றால், கார்டு யுஎச்எஸ்-1 வேகத்திலேயே வேலை செய்யும். கொடுத்த கூடுதல் விலைக்குக் கேமராவில் பலன் இருக்காது. இதைப் பெட்டியைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, கேமராவின் கையேட்டில்தான் பார்க்க வேண்டும்.

போலிக் கார்டுகளைப் பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது. உள்ளே 8 ஜிபி மட்டுமே இருக்க, 128 ஜிபி என்று கணினியிடம் பொய் சொல்லும்படி அமைத்து விற்கிறார்கள். முதல் சில நூறு படங்கள் நன்றாக இருக்கும். உண்மையான இடம் தீர்ந்த பிறகு எடுத்தவை பெயர் மட்டும் இருந்து திறக்காமல் போகும். கல்யாண வீட்டுப் படங்களை இப்படி இழந்தவர்களை எனக்குத் தெரியும். விண்டோஸ் கணினியில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸில் எஃப்3 என்னும் இலவச மென்பொருள்கள், கார்டு முழுவதையும் நிரப்பி எழுதி, எழுதியதை மறுபடி படித்துச் சரிபார்க்கின்றன. பெரிய கார்டுக்குச் சில மணி நேரம்கூட ஆகும், ஆனாலும் இதைச் செய்யாமல் எந்தக் கார்டையும் நான் கேமராவில் போடுவதில்லை. 64 ஜிபி கார்டு கணினியில் 59.6 என்று காட்டினால் அஞ்ச வேண்டாம். ஆயிரத்தின் அடுக்கில் எண்ணுவதற்கும் 1024இன் அடுக்கில் எண்ணுவதற்கும் உள்ள வேறுபாடுதான் அது. சோதனை முடிந்ததும் கார்டைக் கேமராவிலேயே ஃபார்மட் செய்துவிட வேண்டும்.

அண்ணன் மகளுக்கு 16 ஜிபி எஸ்டிஎச்சி கார்டு ஒன்று வாங்கினோம். அந்தப் பழைய கேமராவில் ஒரு படம் ஏறக்குறைய 5 எம்பி என்பதால் 3,000 படங்கள் வரை கொள்ளும், ஒரு நாளுக்கு அது தாராளம். எழுதித் திரும்பப் படிக்கும் சோதனையை அவளே செய்து, அன்றைய தேதியைச் சிறிய எழுத்தில் கார்டின் ஓரத்தில் எழுதிவைத்தாள். மாசியில் மறுபடியும் கூந்தன்குளம் போனபோது, வரித்தலை வாத்துகள் இன்னும் கிளம்பியிருக்கவில்லை. மதியம் வரை எடுத்தாள்.

குளத்தங்கரையில் வேலை செய்யாத அந்த 64 ஜிபி கார்டில் வி30 முத்திரை இருந்ததால் அதை நான் எடுத்துக்கொண்டேன். இப்போது என் கேமராவில் இருக்கிறது. ஒரு மணி நேரம் 4கே காணொளியை நிறுத்தாமல் எழுதச் செய்து பார்த்துவிட்டேன். வரும் ஆனித் தேரோட்டத்துக்கு அதைத்தான் கொண்டுபோகிறேன்.