ஃபெஸ் நகரத்தில் ஒரு கல்யாண வாரம்

ஆகஸ்ட் 5, 2025, செவ்வாய்

மொராக்கோவில் இருக்கும் ஃபெஸ் நகரத்துக்கு வந்தாச்சு. என்னோடு வேலை பார்க்கிறவளின் தங்கைக்குக் கல்யாணம். இந்த மாதம் இங்கே எந்தத் தெருவில் நடந்தாலும் ஹாரன் அடித்துக்கொண்டு ஒரு கல்யாணக் கார் எதிரே வருகிறது. பிரான்ஸ், பெல்ஜியம், ஸ்பெயின் என்று போன பிள்ளைகள் கோடை விடுமுறைக்கு ஊர் திரும்பும் நேரம், சொந்தபந்தம் மொத்தமும் கையில் கிடைப்பது இப்போதுதான்.

நிக்காஹ் போன மாதமே முடிந்துவிட்டது. அதூல் என்கிற திருமண ஒப்பந்த எழுத்தர்கள் இரண்டு பேர், மாப்பிள்ளை பெண்ணுக்குத் தரும் மஹர் தொகையோடு ஒப்பந்தத்தை எழுதி, கையெழுத்து வாங்கிப் போய்விட்டார்கள். 2004-இல் திருத்தப்பட்ட முதவ்வனா என்ற குடும்பச் சட்டப்படி வயது வந்த பெண் தனக்குத் தானே கையெழுத்துப் போட்டுக்கொள்ளலாம், அப்பா நடுவில் வரவேண்டியதில்லை. கல்யாணப் பெண்ணோ தன் சார்பில் அப்பாவையே நிற்க வைத்தாளாம். "அவருக்கு அந்தச் சந்தோஷம் வேண்டாமா?" என்று கேட்கிறாள்.

ஆகஸ்ட் 7, வியாழன்

காலையில் ஹம்மாம் என்ற நீராவிக் குளியல் கூடம். பெண்கள் மட்டும், மெழுகுவர்த்தி, பாட்டு, நடுவில் கல்யாணப் பெண். ஆலிவ் எண்ணெயில் செய்த கறுப்பு சோப்பைப் பூசி ஊறவிட்டு, சொரசொரப்பான கையுறையால் தேய்க்கிறார்கள் பாருங்கள், என் தோலில் பாதி அங்கேயே போய்விட்டது.

சாயங்காலம் மருதாணி. நக்காஷா என்று அதற்கென்றே ஒரு பெண் வந்தார். கூம்பு எதுவும் கிடையாது, ஊசி போடும் சிரிஞ்சில் மருதாணியை நிரப்பி இழை இழையாக இறக்குகிறார். ஃபெஸ் பாணி என்றால் பூவும் கொடியும் குறைவு, கோடுகளும் கட்டங்களும் நெருக்கமாக, ஜமக்காள வேலைப்பாடு மாதிரி. பச்சைக் கஃப்தான் என்ற நீள அங்கியில் கைகால்களை நீட்டியபடி அசையாமல் இருந்த பெண்ணுக்கு அத்தைமார்கள்தான் ஊட்டிவிட்டார்கள்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு, விடிந்த பிறகு

இன்னும் தூங்கவில்லை. அழைப்பிதழில் இரவு ஒன்பது, ஆனால் மண்டபம் நிரம்பவே பதினொன்று ஆகிவிட்டது. முதலில் மாப்பிள்ளை வீட்டார் கூம்பு மூடி போட்ட தட்டுகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்: பேரீச்சை, மருதாணி, துணி, செருப்பு, வாசனைத் திரவியம், நீலத் தாள் சுற்றிய சர்க்கரைக் கூம்புகள். ஆள் உயரத்துக்கு நீண்ட நஃபீர் ஊதுகுழல், மேளம், பெண்களின் குலவை, காது அடைத்துப்போனது. பொண்ணும் மாப்பிள்ளையும் ஒருவருக்கொருவர் பாலும் பேரீச்சையும் கொடுத்துக்கொண்டார்கள்.

ஆனால் நேற்று ராஜ்ஜியம் செய்தது இவர்கள் யாரும் இல்லை, மணப்பெண்ணை அலங்கரிக்க வரும் நெகாஃபாதான். உடைகள், நகைகள், கிரீடம், அமாரியா என்ற பல்லக்கு எல்லாம் அந்த அம்மாவுடையவை, வாடகைக்கு வருபவை. பெண் எங்கே உட்கார வேண்டும், எப்போது சிரிக்க வேண்டும், கையை எந்த உயரத்தில் ஆட்ட வேண்டும் எல்லாம் அவர் கண்ணசைவில். நாலு பேர் பல்லக்கைத் தோளில் வைத்துக்கொண்டு ஆடியே காட்டினார்கள், மேலே அவள் சிரித்தபடி கையசைக்க, எனக்குத்தான் வயிற்றைக் கலக்கியது. அப்புறம் உடை மாற்றம், மறுபடி ஊர்வலம், மறுபடி உடை மாற்றம். வெள்ளி நகையோடு, தெற்கே உள்ள சூஸ் பகுதியின் அமாஸிக் (பெர்பர்) மக்களின் உடை அழகு. ஃபெஸ் ஊரின் பொன்சரிகை உடையோ அட்டை மாதிரி விறைப்பு, அதைப் போட்டபின் முகம் மட்டும்தான் தெரிகிறது, அவளால் நடக்கக்கூட முடியவில்லை. பார்க்கப் பிரமாதம்தான், ஆனாலும் இத்தனை மாற்றங்களில் பாதியைக் குறைத்திருந்தால் அவள் ஒரு வாய் சாப்பிட்டிருப்பாள்.

நாங்கள் வயிறு முட்டச் சாப்பிட்டோம். பெரிய வட்ட மேசை, நடுவில் ஒரே தட்டு, அவரவர் பக்கம் இருப்பதை மட்டும் ரொட்டியால் எடுக்க வேண்டும். பஸ்தில்லா வந்தது: காகிதம் போன்ற மாவு அடுக்குக்குள் கோழியும் பாதாமும், மேலே பொடித்த சர்க்கரையும் பட்டைத்தூளும். இந்த ஊரில் பழைய முறைப்படி புறா வைப்பார்களாம். கோழிக் கறியோடு சர்க்கரையா என்று முதல் வாய்க்கு முகம் சுளித்தவள், கடைசித் துண்டுக்குப் பக்கத்து மேசையை எட்டிப் பார்த்தேன். பிறகு உலர்பிளம்ஸ் போட்ட ஆட்டுக்கறி. விடியும்போது ஹரீரா சூப்.

ஆகஸ்ட் 11, திங்கள்

வீடு முழுக்க சர்க்கரைக் கூம்பு, ஒவ்வொன்றும் இரண்டு கிலோ. சின்னச் சுத்தியலால் உடைத்துப் புதினாத் தேநீரில் போட்டாலும் எத்தனை நாளைக்குத் தாங்குமோ. கல்யாணப் பெண்ணின் அம்மா கவலைப்படவே இல்லை, செப்டம்பரில் அவர் தம்பி மகளுக்குக் கல்யாணமாம், பாதி அங்கே போகிறது.