பெரியவர்கள் இருக்கும் வீட்டில் பாத்ரூம் வேலை: டைல்ஸ் ஒட்டும் முன் முடிவு செய்ய வேண்டியவை

அப்பா அம்மாவுக்காக பாத்ரூமை மாற்றுகிறோம் என்று கிளம்புகிறவர்கள் முதலில் போய் நிற்பது கடையில்தான். ஒரு கிராப் பார் (பிடித்து எழுவதற்காகச் சுவரில் அடிக்கும் கம்பி), கொஞ்சம் வழுக்காத டைல்ஸ், உயரமான வெஸ்டர்ன் டாய்லெட் என்று வாங்கி வந்துவிட்டு, பிறகு பிளம்பரைத் தேடுகிறார்கள். அறையை அளப்பதற்கு முன் ஆளை அளக்க வேண்டும்.

பெரியவரைச் செருப்பில்லாமல் நாற்காலியில் உட்காரவைத்து, தரையிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை அளந்துகொள்ளுங்கள். டாய்லெட் சீட்டின் உயரம் அந்த அளவோ, அதைவிட ஓரிரண்டு இன்ச் கூடுதலாகவோ இருந்தால் போதும். சாதாரண மாடல்கள் சீட்டோடு சேர்த்து 15, 16 இன்ச் வரும். முழங்கால் மடங்காதவர்களுக்கு 17, 18 இன்ச் தேவைப்படும். ஆனால் முதியோருக்கென்று விற்கும் 19 இன்ச் மாடலை ஐந்தடிகூட இல்லாத பாட்டிக்கு வாங்கிப் போட்டால் கால் தரையில் ஊன்றாது. கால் ஊன்றாமல் முக்கவும் முடியாது, எழவும் முடியாது.

இந்தியன் டாய்லெட்டை எடுத்துவிட்டு வெஸ்டர்ன் வைப்பதாக இருந்தால் இன்னொரு அளவு உண்டு. எஸ் டிராப் மாடல்களில், அதாவது கழிவு தரைக்குள் நேராக இறங்கும் வகையில், பின்சுவரிலிருந்து கழிவுக் குழாயின் நடுப்பகுதி வரையான தூரம் மாடலுக்கு மாடல் மாறும். பழைய டைல்ஸை உடைத்தபின், பூசாத சுவரிலிருந்து அளந்து வாங்கிவிடுவார்கள். பிறகு பூச்சும் டைல்ஸும் சேர்ந்து ஒன்றரை இன்ச் வரை தின்றுவிடும். டேங்க் சுவரில் முட்டும், டாய்லெட் பேசின் குழாய்மேல் உட்காராது. முடிந்த சுவர் எங்கே வரும் என்று கோடு போட்டு, அங்கிருந்துதான் அளக்க வேண்டும். பக்கச்சுவரிலிருந்து பேசினின் நடு வரை 18 இன்ச் விடுங்கள். அதற்கு மேல் தள்ளிப்போனால் சுவரில் அடிக்கும் கம்பி கைக்கு எட்டாது.

கம்பிக்கு வருவோம். ஆணிபோல அடித்துவிட்டுப் போகிற வேலை இல்லை இது. கம்பியோடு பெட்டியில் வரும் ஸ்க்ரூ பெரும்பாலும் ஒன்றரை இன்ச்தான் இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: டைல்ஸ் 8 மி.மீ., அதன் பின்னால் கலவை 15 மி.மீ., பூச்சு 12 மி.மீ. மொத்தம் 35 மி.மீ. ஒன்றரை இன்ச் (38 மி.மீ.) கிட்டத்தட்ட அங்கேயே முடிந்துவிட்டது. செங்கல்லுக்குள் ஸ்க்ரூ இறங்கவே இல்லை. மாமனார் ஒருநாள் முழு எடையையும் போட்டு இழுக்கும்போது ஸ்க்ரூவைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் பிளக்கும் டைல்ஸும் சேர்ந்தே கையோடு வரும். 3 இன்ச்சுக்குக் குறையாத ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூவும், செங்கல்லுக்குள் போய் உட்காரும் பிளக்கும் வேண்டும். டைல்ஸைத் துளைக்கும்வரை ட்ரில்லில் ஹேமர் போடக் கூடாது, விரிசல் விடும். துளையில் சிலிக்கான் வைத்துவிட்டு முடுக்கினால் உள்ளே தண்ணீர் இறங்காது.

இதெல்லாம் 9 இன்ச் செங்கல் சுவருக்கு. ஹாலோ பிளாக் என்றால் பிளக் வெற்றிடத்தில் போய் நிற்கும். ஏஏசி பிளாக்கில் (காற்றுத் துளைகள் நிறைந்த இலேசான சிமெண்ட் கல்) சாதாரண பிளக் போட்டால் கல் மாவாக உதிரும், துளைக்குள் பசை செலுத்தி போல்ட்டை ஒட்டவைக்கும் கெமிக்கல் ஆங்கர் போட வேண்டும். நாலரை இன்ச் தடுப்புச் சுவரில் நம்பகமான வழி, சுவரின் மறுபக்கம் வரை போல்ட் விட்டு அங்கே இரும்புத் தகடு வைத்து முடுக்குவது. மறுபக்கம் ஹாலாக இருந்தால் பார்க்க நன்றாக இருக்காதுதான். ஒரு காலண்டரை மாட்டிக்கொள்ளுங்கள்.

கம்பியைப் பெரும்பாலும் ரொம்பப் பின்னால் தள்ளி அடித்துவிடுகிறார்கள். உட்கார்ந்தவர் எழும்போது உடம்பு முன்னால் சாயும், கையும் முன்னால்தான் போகும். அதனால் கம்பி பேசினின் முன்விளிம்பைத் தாண்டி ஆறேழு இன்ச்சாவது நீள வேண்டும். அவரை உட்காரவைத்து, எழச்சொல்லி, கை இயல்பாகப் போகும் இடத்தில் சாக்பீஸால் குறிப்பதே சரியான அளவு. கம்பியின் தடிமன் 32 முதல் 38 மி.மீ., சுவருக்கும் கம்பிக்கும் இடைவெளி ஒன்றரை இன்ச். இடைவெளி கூடினால் கை வழுக்கி முழங்கை வரை உள்ளே சிக்கிக்கொள்ளும். உறிஞ்சிப் பிடிக்கும் ரப்பர் கப் வைத்த கம்பிகளை வாங்கவே வாங்காதீர்கள். துண்டு போடும் கம்பியைக் கட்டாயம் பிடிப்பார்கள், எத்தனை முறை சொன்னாலும் பிடிப்பார்கள். அந்த இடத்திலும் கிராப் பாரையே அடித்துவிடுவது புத்திசாலித்தனம்.

தரைக்கு 2 அடிக்கு 2 அடி டைல்ஸ் வேண்டாம். நாலு பக்கமிருந்தும் ஓட்டையை நோக்கி வாட்டம் கொடுக்கப் பெரிய டைல்ஸ் வளையாது. ஒரு அடி அல்லது அதற்கும் சிறியதாக இருந்தால் வாட்டமும் வரும், இணைப்புக் கோடுகள் காலுக்குப் பிடிப்பும் தரும். கடையில் ஆர் 10, ஆர் 11 என்பார்கள். அது செருப்பு, ஷூ போட்டு நடப்பதற்கான சோதனை. வெறுங்காலுக்கு ஏ, பி, சி என்று தனித் தரம் இருக்கிறது, குளிக்கும் இடத்துக்கு பி கேளுங்கள். ரொம்பச் சொரசொரப்பானதில் சோப்பு அழுக்கு தங்கி அதுவே வழுக்க ஆரம்பிக்கும். ஐந்தடிக்கு முக்கால் இன்ச் வாட்டம் போதும். கொத்தனாருக்குக் கூலியை முடிக்கும் முன் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டி, ஐந்து நிமிடம் கழித்துப் போய்ப் பாருங்கள். தேங்கி நின்றால் அங்கேதான் பாசி பிடிக்கும்.

கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்ளே விழுந்தவர் கதவின்மேலேயே சாய்ந்து கிடந்தால், உள்பக்கம் திறக்கும் கதவை யாராலும் தள்ள முடியாது. தாழ்ப்பாளும் வெளியிலிருந்து காசை வைத்துத் திருப்பித் திறக்கும் வகையாக இருக்கட்டும். வாசலில் இருக்கும் இரண்டு இன்ச் கிரானைட் தடுப்பை எடுத்துவிட்டு, அரை இன்ச் சரிவாகச் செதுக்கிப் போடலாம். வாட்டம் சரியாக இருந்தால் தண்ணீர் வெளியே வராது.

எலெக்ட்ரீஷியனிடம் சொல்ல மூன்று விஷயங்கள்: கீசர் லைனுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் கருவி), பாத்ரூம் விளக்கைக் கட்டிலிலிருந்தே போடும்படி டூ-வே சுவிட்ச், சென்சார் விளக்கு வைத்தால் பத்து நிமிடமாவது எரியும்படி நேரத்தைக் கூட்டிவைப்பது. ஒரு நிமிடத்தில் அணைந்துவிட்டால், டாய்லெட்டில் அசையாமல் உட்கார்ந்திருப்பவர் இருட்டில்தான் எழுந்திருக்க வேண்டும்.

தெருவாசலில் ஏற்கெனவே சாய்தளம் இருக்கிறதே என்பார்கள். அது ஸ்கூட்டர் ஏற்றப் போட்டது. வீல்சேருக்கு ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். மூன்று படி, ஒன்றரை அடி உயரம் என்றால் பதினெட்டு அடி. அவ்வளவு இடம் இல்லாத வீட்டில் செங்குத்தாகச் சாய்தளம் போடுவதைவிட, படிகளை அப்படியே விட்டு இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்து, முதல் படிக்கு முன்னாலிருந்தே ஒரு அடி நீட்டிவிடுங்கள்.